ஓரத்தில் ஒரு கேள்விக்குறி

வீட்டைவிட்டுக் கிளம்பும்போது என் மனைவி என்னிடம் கடைசியாகச் சொன்னது, "பால் பொங்கிடப் போகுது, பாத்துக்கோங்க" என்பதுதான். பார்த்துக்கொண்டேன். பால் பொங்கவில்லை. நேரத்தோடு அடுப்பைக் குறைத்து, பாத்திரத்தை இறக்கி, மூடியும் வைத்தேன். கவனக்குறைவான ஆள் என்று என்னைப் பற்றி யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. ஞாயிறு மாலை திரும்ப வேண்டியவள் திரும்பவில்லை என்று செவ்வாய் காலை வரை ஏன் யாருக்கும் சொல்லவில்லை? கேட்டுவிட்டு, பதற்றத்தில் கை கால் ஓடியிருக்காது என்று பதிலையும் நீங்களே எடுத்துக் கொடுத்தீர்கள். தேநீர் வரவழைத்தீர்கள். காகிதத்தை நீட்டி, "உங்க சொந்த வார்த்தையிலயே எழுதுங்க சார்" என்றீர்கள். பிறர் வார்த்தைகளைத் திருத்தியே காலம் தள்ளியவனுக்கு இது பெரிய மரியாதை. பதில் மரியாதையாக நடந்ததை எழுதுகிறேன். என் கை கால் நன்றாகவே ஓடியது.

நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். காகிதக் கட்டுகளுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் எனக்கென்று ஒரு மேசை உண்டு. ஜன்னலும் உண்டு, அதைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் தெரியும். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. எழுத்துப் பிழையை நாங்களே திருத்தலாம். எழுதியவரின் எண்ணத்திலேயே பிழை இருப்பதாகப் பட்டால் தொடக் கூடாது. ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்ப வேண்டும். அவர் "இருக்கட்டும்" என்று எழுதிவிட்டால் அது இருக்கும். இரண்டாம் முறை கேட்பது மரியாதை இல்லை. ஒரு நாவலில் மூன்றாம் அத்தியாயத்தில் செத்துப்போனவர் ஏழாம் அத்தியாயத்தில் உட்கார்ந்து காபி குடித்தார். கேள்விக்குறி போட்டேன். "இருக்கட்டும்" என்று வந்தது. புத்தகம் வெளியானபோது, மரணத்தைக் கடக்கும் புதிய உத்தி என்று அதைப் பாராட்டினார்கள். அன்றிலிருந்து அடுத்தவர் பிழைகளின்மேல் எனக்கு ஒரு தனி மரியாதை.

என் மனைவி பாதுகாப்புப் பயிற்சியாளர். அலுவலகம் அலுவலகமாகப் போய், தீப்பிடித்தால் எந்தப் படியில் இறங்குவது, பூமி அதிர்ந்தால் எந்த மேசைக்கடியில் புகுவது என்று சொல்லிக்கொடுப்பாள். கழுத்தில் ஒரு விசில் தொங்கும். பயிற்சிக்கு வருகிறவர்கள் அவளை 'விசில் மேடம்' என்பார்கள். அவள் ஊதினால் பெரிய பெரிய மேலாளர்கள்கூடக் கோப்பைப் போட்டுவிட்டு வரிசையில் நிற்பார்கள். நானும் நிற்பேன், வீட்டில். மனைவி சொல்லே மந்திரம் என்று யாரோ சும்மா சொல்லிவைத்தார்கள். எங்கள் வீட்டில் அதற்கு ஒலிபெருக்கியும் இருந்தது.

அவளுடைய திட்டங்கள் ஒருபோதும் பிசகியதில்லை. அப்படித்தான் எல்லோரும் நம்பினார்கள். அவளும் அப்படித்தான் நம்புகிறாள் என்று நினைத்திருந்தேன். சனிக்கிழமைக்கு டிக்கெட் போடச் சொல்வாள். விடுமுறை வெள்ளியிலிருந்தே தொடங்கும். வெள்ளிக்குப் போடுவேன். பெரியப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு வழி சொல்வாள்; அது அத்தை வீட்டுக்குப் போகும் வழியாக இருக்கும். பேசாமல் வண்டியைத் திருப்புவேன். போய்ச் சேர்ந்ததும் "பாத்தீங்களா, நான் சொன்ன வழி எவ்வளவு சுலபம்" என்பாள். ஆமாம் என்பேன். பிழை திருத்துபவனின் பெயர் எந்தப் புத்தகத்தின் அட்டையிலும் வருவதில்லை. அது எனக்குப் பழகிப்போன விஷயம்.

இரண்டு வருடங்களுக்கு முன் அவளுக்குக் காட்டு நடையில் பித்துப் பிடித்தது. முதலில் சக பயிற்சியாளர்களோடு சின்னச் சின்ன மலைகள். பிறகு தனியாக. அப்படி ஒருமுறை, வருவதாகச் சொன்ன நேரம் கடந்தும் ஆள் வரவில்லை, போனும் போகவில்லை. நான் பயந்துபோய் வனத்துறைக்குச் சொன்னேன். ஒரு கூட்டம் டார்ச்சும் கயிறும் ஸ்ட்ரெச்சருமாகக் கிளம்பியது. அடிவாரத்துப் பேருந்து நிறுத்தத்தில் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்த என் மனைவியைக் கண்டுபிடித்தது. பேருந்து தாமதம், அவ்வளவுதான். கதை அவளுடைய அலுவலகத்துக்கு அவளுக்கு முன்பாகவே போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த வகுப்பில் எவனோ ஒருவன் எழுந்து, "மேடம், பஸ் லேட்டானா எந்த மேஜைக்கடியில ஒளியணும்?" என்று கேட்டானாம்.

வீட்டுக்கு வந்து பையை எறிந்தாள். "ஊர் சிரிக்குது. என் மானத்த வாங்கணும்னே கல்யாணம் பண்ணிக்கிட்டீங்களா?"

"நீ வரலையே, அதான்."

"வரலன்னா வருவேன்னு அர்த்தம். இனிமே நானா கூப்பிடற வரைக்கும் நீங்க ஒரு ஈ எறும்புக்குக்கூட போன் பண்ணக் கூடாது. புரியுதா?"

புரிந்தது. எனக்குப் பொதுவாக எல்லாமே ஒரே தடவையில் புரிந்துவிடும்.

இந்த வருடம் அவள் தேர்ந்தெடுத்தது மலைக்குப் பின்னாலிருக்கும் உட்காடு. பேருந்து கடைசியாக நிற்குமிடத்திலிருந்து ஒரு நாள் ஏற்றம், மேலே கூடாரம். மறுநாள் ஓர் ஆற்றை மரப்பாலத்தில் கடந்து அந்தப் பக்கம் இறங்கி, வேறொரு சாலையைப் பிடித்து வீடு திரும்புவது. ஆள் நடமாட்டம் கிடையாது. போனில் சிக்னல் ஒரு கோடுகூட வராது. இந்த முறை என்னையும் அழைத்துப் போவதாகச் சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இருவருமே ஐம்பதைத் தொட்டுவிட்டோம். ஒருவேளை என்னோடு எங்காவது போக வேண்டும் என்று தோன்றியிருக்கலாம். அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். மகிழ்ச்சியாகவே இருந்தேன் என்பதையும் எழுத வேண்டும்.

ஒரு மாதம் சாப்பாட்டு மேசையில் சாப்பாடு வைக்க இடமில்லை. வரைபடத்தை விரித்து நான்கு மூலையிலும் நான்கு டம்ளர் வைத்திருந்தாள். வரவேற்பறையில் கூடாரம் அடித்துப் பார்த்தாள். இரண்டு நாள் அதற்குள் உட்கார்ந்துதான் செய்தி பார்த்தோம். பாரம் குறைய வேண்டும் என்று எங்கள் இருவருடைய டூத் பிரஷ்களின் கைப்பிடியையும் பாதியாக நறுக்கினாள். எனக்குப் பயிற்சி வேண்டுமென்று, என் முதுகுப் பையில் என்னுடைய அகராதிகளையே அடைத்து, தினமும் மாடிப்படி ஏறி இறங்க வைத்தாள். மேல்வீட்டுக்காரர் படியில் நின்று வேடிக்கை பார்ப்பார்.

"என்ன சார், வீட்ட விட்டுத் துரத்திட்டாங்களா?"

"இல்ல சார், காட்டுக்குப் போறோம்."

"ரெண்டும் ஒன்னுதானே சார்."

சிரித்தேன். அவர் அப்போது சொன்னது நல்ல நகைச்சுவைதான்.

வேலைகளை அவள் பிரித்துக்கொண்டாள். திட்டம் அவளுடையது, போன் பேசுவது என்னுடையது. அந்தக் காட்டுக்குச் சோதனைச் சாவடி கிடையாது. வன அலுவலகத்துக்குக் கூப்பிட்டு எந்தப் பாதை, எந்த நாள் என்று சொல்லிவிட்டால் போதும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் அச்சகத்திலிருந்து கூப்பிட்டேன். எடுத்தவர் நல்ல மனிதர். குரலிலேயே ஒரு சொந்தக்காரத்தனம்.

"அந்தப் பாதையா? பாலம் போயிடுச்சே சார். போன மழையில அடிச்சுட்டுப் போயிடுச்சு."

"அப்ப போக முடியாதா?"

"தாராளமா போலாம். பாறை மேட்டு வழியா சுத்திப் போகணும், ஒரு நாள் கூட ஆகும், அவ்ளோதான். ஆனா ஆத்துல மட்டும் இறங்கிடாதீங்க. பாக்க முழங்கால் தண்ணி மாதிரிதான் இருக்கும். அடியில இழுக்கும். கூட வர்றவங்ககிட்டயும் சொல்லிடுங்க, மறந்துடாதீங்க."

"சொல்லிடறேன்" என்றேன். சொல்லும்போது அது உண்மை.

மாலையில் வரும் வழியில் கெட்டியான கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி வாங்கினேன். வீட்டுக்குள் நுழைந்தபோது அகராதிகள் அலமாரிக்குத் திரும்பியிருந்தன. தலைகீழாக. என்னுடைய பை மடித்து அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. அவள் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"இங்க பாருங்க, கோச்சுக்காதீங்க. நான் தனியாவே போயிட்டு வந்துடறேன்."

"ஏன்?"

"மாடிப்படி ஏறினதுக்கே உங்களுக்கு மூச்சு வாங்குது. அங்க வந்து நான் காட்டப் பாக்கறதா, உங்களப் பாக்கறதா? வயசான குழந்தையக் கூட்டிட்டுப் போற மாதிரி இருக்கும்." பிறகு சமாதானமாகச் சொன்னாள்: "நீங்க வீட்ல உக்காந்து நிம்மதியா உங்க புஸ்தகத்தத் திருத்துங்க. அதுதான் உங்களுக்கு வரும்."

அவள் சொன்னதில் தவறே இல்லை. எனக்கு மூச்சு வாங்கியது உண்மை. அதுதான் எனக்கு வரும் என்பதும் உண்மை. காலுறைப் பொட்டலத்தை என் மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

"வன ஆபீஸுக்குப் பேசிட்டீங்களா?"

"பேசிட்டேன்."

"பாதை, நாள் எல்லாம் சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சு."

"அவ்ளோதானே?"

"அவ்ளோதான்."

இந்த ஒரு சொல்லைத்தான் நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அப்போது என் மனதில் திட்டம் எதுவும் இல்லை. கிளம்புவதற்குள் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். எத்தனையோ திருத்தங்களை அச்சுக்குப் போகிற கடைசி நிமிடத்தில் செய்திருக்கிறேன்.

கிளம்புகிற காலையில் ஷூ நாடாவை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் என் கேள்விக்குறியைப் போட்டேன்.

"ஞாயித்துக்கிழமை நீ கூப்பிடாட்டி நான் என்ன பண்ணணும்?"

"ஒன்னும் பண்ண வேணாம். கூப்பிடுவேன்."

"கூப்பிட முடியாத மாதிரி ஏதாவது ஆயிட்டா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா? ஆழம் தெரியாம கால விடாதேன்னு ஊருக்கே பாடம் எடுக்கறவ நான். எனக்கு ஒன்னும் ஆகாது. சொன்னது சொன்னபடி இருக்கட்டும்."

இருக்கட்டும் என்று வந்துவிட்டது. ஊருக்குத்தான் உபதேசம் என்று ஒரு பழமொழி இருக்கிறதே, அதை நான் சொல்லவில்லை. பாலத்தைப் பற்றியும் சொல்லவில்லை. அப்போதுதான் அவள் பாலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கும் சேர்த்துச் சமைத்தேன். மாலை போயிற்று, போன் வரவில்லை. நன்றாகத் தூங்கினேன் என்று எழுதினால் நம்பமாட்டீர்கள். ஆனாலும் தூங்கினேன். திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போனேன். பள்ளிக்கூட அறிவியல் புத்தகம் ஒன்று வந்திருந்தது. நீரோட்டத்தின் விசை பற்றி ஒரு பாடம். படத்தில் அம்புக்குறி எதிர்த் திசையில் இருந்தது. திருத்தினேன்.

மாலையில் மைத்துனன் கூப்பிட்டான். அவளுடைய ஒரே தம்பி.

"மாமா, அக்கா வந்தாச்சா?"

"இன்னும் இல்ல."

"நேத்தே வரணுமே?"

"அவளா கூப்பிடுவா. அதுவரைக்கும் யாரும் மூச்சு விடக் கூடாதுன்னு உத்தரவு."

"இருந்தாலும்... நான் வேணா அந்த ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கட்டுமா?"

"கேளு. திரும்ப ஸ்ட்ரெச்சர் தூக்கிட்டுப் போவாங்க. உங்க அக்கா திரும்ப ஆரஞ்சு உரிச்சுட்டு இருப்பா. அப்புறம் நீயாச்சு, அவளாச்சு."

அவன் சிரித்துவிட்டான். "ஐயோ, வேணாம் மாமா. என்னையும் சேத்து வறுத்தெடுத்துடும்."

நானும் சிரித்தேன். அவன் கேட்பதாகச் சொன்னான், நான் சிரிக்கவைத்து நிறுத்தினேன். இது உங்கள் கோப்பில் இல்லை. அவன் தன்னைத்தான் நொந்துகொண்டிருக்கிறான்; அதனால் உங்களிடம் இதைச் சொல்லியிருக்கமாட்டான்.

செவ்வாய்க்கிழமை காலை நானே வன அலுவலகத்துக்குக் கூப்பிட்டேன். ஏன் அப்போது என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை. பல் தேய்க்கப் போனேன். குட்டைப் பிரஷ் விரல் நடுவிலிருந்து நழுவி வாய்க்குள்ளேயே போகப் பார்த்தது. அதை எடுத்து வைத்துவிட்டு வந்து போனை எடுத்தேன். அவ்வளவுதான் காரணம்.

புதன்கிழமை அவளைக் கொண்டுவந்தார்கள். ஆற்றில் இறங்கியிருக்கிறாள். கால் பாறை இடுக்கில் சிக்கி முழங்காலுக்குக் கீழே முறிந்திருக்கிறது. எப்படியோ கரைக்குத் தவழ்ந்து வந்திருக்கிறாள். பை ஆற்றோடு போய்விட்டது. ஈரமும் குளிரும் திங்கட்கிழமை இரவுதான் அவளை முடித்தன என்றார் மருத்துவர். ஞாயிறு மாலையே சொல்லியிருந்தால் திங்கள் மதியத்துக்குள் எட்டியிருப்பார்கள் என்று அவர் சொல்லவில்லை. பாதையின் தூரம் எனக்கு மனப்பாடம். கணக்கை நானே போட்டுக்கொண்டேன்.

தூக்கி வந்த வனக்காவலர் என் தோளைத் தொட்டார். "அம்மா பயப்படலை சார். சட்டையக் கழட்டி மரத்துல உயரமாக் கட்டியிருந்தாங்க. கல்ல அம்பு மாதிரி அடுக்கியிருந்தாங்க. எங்கயும் நகரலை. வீட்ல இருந்து ஆள் அனுப்புவாங்கன்னு நம்பி, அசையாம உக்காந்திருந்திருக்காங்க."

நம்பினால் நகரக் கூடாது. அது அவள் எடுக்கும் பாடம். யாராவது தேடுவார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் இருந்த இடத்திலேயே இருங்கள் என்பாள். யார் தேடுவார்கள்? தேடக் கூடாது என்று அவளே சொல்லிவிட்டுப் போயிருந்தாளே? இந்த இடம் எனக்குப் புரியவில்லை. எல்லாமே ஒரே தடவையில் புரிகிற எனக்கு.

எல்லாம் முடிந்து உறவினர்கள் கலைந்தபின் மைத்துனன் மட்டும் தங்கினான். சமையலறை வாசலில் தரையில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அக்கா எப்பவும் ஒன்னு சொல்லும் மாமா. எனக்கு வழியும் தெரியாது, நாளும் நெனவு இருக்காது, நான் பாட்டுக்கு ஏதாவது உளறுவேன், உங்க மாமா சத்தமில்லாம திருத்திடுவாரு, அந்த தைரியத்துலதான்டா நான் விசில் ஊதறேன்னு. சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்."

இதை அவள் என்னிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

மறுநாள் செய்தித்தாளில் வந்தது: எச்சரிக்கையை மீறி ஆற்றில் இறங்கிய பாதுகாப்புப் பயிற்சியாளர் பலி. உங்கள் அறிக்கையையும் மேசைமேல் தலைகீழாக வாசித்தேன். அது எங்கள் தொழிலில் வரும் திறமை. பாலம் இல்லை என்று அலுவலகத்தில் விசாரித்த அனைவருக்கும் சொல்லப்பட்டது, இறந்தவர் அலட்சியம் செய்துள்ளார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பிழை. அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லச் சொல்லி என்னிடம் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. ஞாயிறு மாலை அவள் வராதபோது அவள் எங்கே இருப்பாள் என்று இந்த உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் பெயருக்கு நேராக அலட்சியம் என்ற சொல் அச்சில் நிற்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. அதை எடுத்துவிடுங்கள். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

கொன்றாயா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். நான் எதையும் மாற்றவில்லை. சொன்னது சொன்னபடி இருக்க விட்டேன். ஒரு கேள்விக்குறியும் போட்டேன். ஆனால் அதைப் போட்டது எந்த வரியின் ஓரத்தில் என்று நீங்கள் கேட்பீர்கள். கூப்பிடும் வரியின் ஓரத்தில். பாலத்தின் வரியை நான் அவளுக்குக் காட்டவே இல்லை.

இன்று காலை இங்கே வருவதற்காகக் கீழே இறங்கினேன். எங்கள் குடியிருப்பின் காவலாளி புதிதாக வந்த ஆளுக்கு வீடு வீடாக அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று வணக்கம் வைத்தார். நான் வாசலைத் தாண்டியபின் அவருடைய குரல் கேட்டது:

"இவரா? இவரு நம்ம மேடம் வீட்டுக்காரரு."